சைக்கிளில் கொங்கு நாட்டுப் பழங்கோயில்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் விடுமுறை நாள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பழைய கோயில்களையும் கல்வெட்டுகளையும் பார்க்கப் போகிறவர்களுக்காக இந்தப் பக்கம். சைக்கிள் பற்றிய கேள்வியும் கல்வெட்டு பற்றிய கேள்வியும் கலந்தே வரும். வழியிலும் அவை கலந்துதான் வருகின்றன.

காரில் போனால் ஒரே நாளில் ஏழு கோயில் பார்க்கலாமே, சைக்கிள் எதற்கு?

பார்க்கலாம். அவிநாசி, திருமுருகன்பூண்டி, பவானி, திருச்செங்கோடு, கொடுமுடி, கரூர், வெஞ்சமாங்கூடலூர் என்று தேவாரப் பாடல் பெற்ற கொங்குத் தலங்கள் ஏழையும் ஒரே நாளில் சுற்றிவரும் வேன்கள் இருக்கின்றன. தரிசனம்தான் நோக்கம் என்றால் அதுவே வசதி.

ஊர் வரலாறு வேண்டுமென்றால் கோயிலுக்கும் கோயிலுக்கும் நடுவில் இருப்பதையும் பார்க்க வேண்டும். கரட்டோரம் கிடக்கும் புலிக்குத்திக் கல் (புலியோடு மோதி இறந்தவனின் நடுகல்), வாய்க்கால் மதகில் பதித்த பழந்தூண், கொறங்காடு (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்) முடிந்து நெல்வயல் தொடங்கும் இடம் எல்லாம் 60 கி.மீ. வேகத்தில் கண்ணில் படாது. கொங்கு நாடு 24 நாடுகளாகப் பிரிந்திருந்தது என்று புத்தகத்தில் படிப்பது ஒன்று; காங்கேய நாட்டு மேட்டுக்காட்டிலிருந்து ஆற்றங்கரைக்கு மிதித்து இறங்கி, அந்தப் பிரிவு ஏன் அங்கே விழுந்தது என்று பார்ப்பது வேறு.

எந்த மாதம் போகலாம்?

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மார்ச் பாதியிலிருந்து மே முடியும் வரை காலை 10 மணிக்கு மேல் வண்டி ஓட்டாதீர்கள். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. பிற்பகல் இடி மின்னலோடு வரும் என்பதால் காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

கொங்கு நாட்டில் மழையைவிடக் காற்றுதான் பெரிய விஷயம். மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுக் கணவாயில் விட்டுக் கொடுப்பதால், ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளி வழியே பாய்ந்து கிழக்கே வீசுகிறது. உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் காற்றாலைகள் காடுபோல நிற்பதற்குக் காரணம் அதுதான். ஆடி மாதம் தாராபுரத்திலிருந்து உடுமலைக்கு எதிர்காற்றில் மிதிப்பவருக்கு மணிக்கு 10 கி.மீ. தாண்டுவதே பாடு. அதே நாளில் உடுமலையிலிருந்து கிழக்கே போகிறவர் மிதிக்காமலே 25-ல் போவார்.

ஆகவே ஆனி, ஆடி, ஆவணியில் மேற்கே தொடங்கிக் கிழக்கே முடியுங்கள். திரும்ப ரயிலோ பஸ்ஸோ பார்த்துக்கொள்ளலாம். தை, மாசியில் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து கணவாயை நோக்கி வரும், அப்போது திசையை மாற்றிக்கொள்ளுங்கள். எந்த மாதமானாலும் விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும், 11 மணிக்கு மேல் ஏறும். காலையில் காற்றை எதிர்த்துப் போய், களைத்த பிறகு காற்றோடு திரும்புவதுதான் போன வழியே திரும்புகிறவர்களுக்குச் சரி. பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுக் கடைசி 20 கி.மீ.-ல் திண்டாடுகிறார்கள்.

எப்படிப்பட்ட சைக்கிள் வேண்டும்?

இருப்பதை எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டில் இருக்கும் பழைய டபுள் பார் சைக்கிளே போதும், பிரேக் கட்டை தேயாமல் இருந்தால். புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் 700×35 முதல் 700×40 வரை டயர் போடும் ஹைபிரிட் வண்டி இந்த ஊர்ச் சாலைகளுக்குப் பொருந்தும். 25, 28 அகல டயர் போட்ட ரேஸ் சைக்கிள் தார்ச்சாலையில் பறக்கும்; இட்டேரியில் (இருபக்கமும் வேலி போட்ட மண்தடத்தில்) இறங்கினால் ஜல்லிக்கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி இரட்டை ஓட்டை விழும்.

70 கிலோ எடையுள்ளவருக்கு 700×38 டயரில் 50 முதல் 55 பி.எஸ்.ஐ., மலைச் சைக்கிளின் 26×1.95 டயரில் 35 முதல் 45, டபுள் பாரின் 28×1½ டயரில் 45 முதல் 60 காற்று போதும். டயரின் பக்கச் சுவரில் அச்சடித்த உச்ச அளவு வரை அடிக்காதீர்கள். வெயிலில் நிறுத்தும்போது காற்று விரியும், கையும் அதிரும்.

வாங்கும்போது வால்வைக் கவனியுங்கள். ஊர்ப் பஞ்சர் கடைகளின் கம்ப்ரசர் பைக் டியூபுக்கானது. தடித்த ஷ்ரேடர் வால்வில் நேராகப் பொருந்தும். மெல்லிய பிரஸ்டா வால்வுக்கு ஒரு பித்தளை அடாப்டர் வேண்டும். அது இல்லாமல் கடை வாசலில் நின்று பயனில்லை. பழைய டபுள் பார் வால்வில் உள்ள ரப்பர் வால் டியூப் வெயிலில் இற்றுப்போய்க் காற்று கசியும், ஒரு சாண் நீளம் கூடுதலாக வைத்திருங்கள். கம்ப்ரசரில் காற்றுப் பிடிக்கும்போது விட்டு விட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். பைக் டயருக்குப் பிடிப்பதுபோல ஒரே மூச்சில் விட்டால் சைக்கிள் டியூப் சில நொடிகளில் வெடித்துவிடும்.

பஞ்சர் அடிக்கடி ஆகிறது. என்ன செய்வது?

பத்தில் எட்டு பஞ்சருக்குச் சீமைக்கருவேல முள் அல்லது வெள்வேல முள் காரணமாக இருக்கும். வேலி வெட்டிய நாட்களில் பாதையெல்லாம் கிடக்கும். சாலை ஓரத்தில் நெருஞ்சி.

டியூபை மாற்றியவுடன் மறுபடி காற்று இறங்கினால் முள் டயரிலேயே இருக்கிறது என்று பொருள். இதைத் தவிர்க்க, டயரை மாட்டும்போதே அதில் எழுதியிருக்கும் பெயரை வால்வுக்கு நேராக வைத்துப் பழகுங்கள். டியூபில் ஓட்டை வால்விலிருந்து எத்தனை சாண் தள்ளி இருக்கிறது என்று பார்த்தால், டயரில் முள் எங்கே என்று உடனே தெரியும். உள்ளே வெறும் விரலால் தடவாதீர்கள். துணியால் துடையுங்கள், நூல் சிக்கும் இடத்தில் முள் இருக்கும். முனை ஒடிந்து ரப்பருக்குள் புதைந்திருந்தால் வெளியிலிருந்து டயரை மடக்கிப் பிடித்து, சிறு கொறடால் இழுக்க வேண்டும்.

ஒட்டுப் போடும்போது பலர் அவசரப்படுகிறார்கள். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லியதாகத் தடவி, ஐந்து நிமிடம் காயவிட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகே ஒட்டை அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போது ஒட்டினால் சூட்டில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

இட்டேரியில் அடிக்கடி போகிறவர்கள் டயருக்கும் டியூபுக்கும் நடுவில் பிளாஸ்டிக் பட்டி வைக்கலாம், அல்லது டியூபுக்குள் சீலன்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) ஊற்றலாம். சீலன்ட் சில மாதங்களில் காய்ந்துவிடும். அதை மறந்துவிட்டு நம்பிப் போகக் கூடாது.

இட்டேரி என்றால் எல்லாப் பாதையும் பொதுவா?

இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டி போகும் தடம்: இதுதான் இட்டேரி. ஊருக்கு ஊர் போகும் பழைய பொதுவழிகள் பல இப்படித்தான் இருந்தன. சில இட்டேரி ஊர் சேரும், சில ஒரு தோட்டத்துச் சாலையோடு முடிந்துவிடும். படலோ கேட்டோ போட்டிருந்தால் அது தனியார் இடம், திரும்புங்கள். செல்போன் வரைபடம் காட்டும் குறுக்குவழியை நம்பித் தோட்டத்துக்குள் புகுந்து நாயிடம் மாட்டுவது புதியவர்களுக்கு வழக்கம். ஆள் தெரிந்தால், "ஏனுங்க, இந்தத் தடத்துல போனா ஊருக்குப் போயிரலாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

மழை பெய்த மறுநாள் கரிசல் மண் உள்ள இட்டேரியைத் தவிர்க்கவும். மண் பிரேக்குக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது.

முதலில் எங்கே போகலாம்?

நான்கு வழிகள், எளிதானதிலிருந்து. தொலைவுகள் தோராயம்தான்.

திருப்பூர் ரயில் நிலையம் – திருமுருகன்பூண்டி – அவிநாசி – சேவூர், போய்வர 45 கி.மீ. பூண்டிக்கு 8 கி.மீ., அங்கிருந்து அவிநாசி 5, சேவூர் இன்னொரு 8. சேரமான் பெருமாள் கொடுத்த பொருளோடு வந்த சுந்தரர் வேடர்களிடம் பறிகொடுத்ததாகச் சொல்லும் தலம் பூண்டி. சாலை ஓரம் இன்றும் சிற்பிகள் கல் செதுக்கும் சத்தம் கேட்கும்; கோயிலில் பார்த்த வேலை எப்படி நடக்கிறது என்று பத்து நிமிடம் நின்று பாருங்கள். அவிநாசி, முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்ட கதைக்குரிய ஊர், பழம்பெயர் திருப்புக்கொளியூர். சேவூர் வாலீசுவரர் கோயிலில் கூட்டம் இருக்காது, நிதானமாகச் சுற்றலாம். கல்வெட்டு படிக்கப் பழக அதுதான் ஏற்ற இடம்.

ஈரோடு – கொடுமுடி, சுமார் 40 கி.மீ. கரூர் நெடுஞ்சாலையை விட்டுவிட்டுக் காளிங்கராயன் வாய்க்கால் கரையைப் பிடியுங்கள். 13-ஆம் நூற்றாண்டில் காளிங்கராயன் பவானி ஆற்றில் அணை கட்டி வெட்டிய வாய்க்கால் இது, சுமார் 90 கி.மீ. வளைந்து வளைந்து நொய்யல் வரை வருகிறது. ஈரோடு நகரை ஒட்டிய பகுதியில் சாயத் தண்ணீரும் நாற்றமும் உண்டு, அதை வேகமாகக் கடந்துவிடலாம். நகரம் தாண்டினால் மஞ்சள், கரும்பு, வாழை. கரை எல்லா இடத்திலும் ஓட்டத்தக்கதாக இருக்காது. சில மதகுகளில் இறங்கித் தள்ள வேண்டும். கொடுமுடியில் சிவன், வீரநாராயணப் பெருமாள், வன்னி மரத்தடியில் பிரம்மா என்று மூவரும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். ரயில் நிலையம் பக்கத்திலேயே. தெம்பு இருந்தால் இன்னும் 15 கி.மீ. போய்ப் புகளூர் வேலாயுதம்பாளையத்தில் ஆறுநாட்டார் மலை ஏறலாம். சேர இரும்பொறை மன்னர் மரபில் மூன்று தலைமுறையைச் சொல்லி, இளங்கடுங்கோ காலத்தில் செங்காயபன் என்ற சமண முனிவருக்கு உறையுள் (தங்குமிடம்) அமைத்துக் கொடுத்ததை, தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழ்ப் பிராமியில் கூறும் கல்வெட்டு அங்கே இருக்கிறது.

விஜயமங்கலம் – சென்னிமலை – அறச்சலூர் – ஈரோடு, சுமார் 55 கி.மீ. கொங்கில் சமணம் எவ்வளவு வேரூன்றியிருந்தது என்று காட்டும் வழி. விஜயமங்கலத்தை ஒட்டிய மேட்டுப்புதூரில் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயில். ஊர்க்காரர்களிடம் நெட்டைக் கோபுரம் என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். அறச்சலூர் நாகமலைக் குகையில் தமிழ்ப் பிராமியில் தாள ஒலிகளை வரிசையாகப் பொறித்த இசைக் கல்வெட்டு இருக்கிறது. புலவர் செ. இராசு 1960-களின் தொடக்கத்தில் வெளிக்கொணர்ந்தது. எழுத்தைக் கோத்தவன் பெயரும் கூடவே இருக்கிறது: மணிவண்ணக்கன் தேவன் சாத்தன். பக்கத்து ஓடாநிலை, 1805-ல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலை கோட்டை கட்டிய ஊர். சென்னிமலையிலிருந்து நொய்யல் கரைக் கொடுமணலுக்கும் போய்வருவதானால் 25 முதல் 30 கி.மீ. கூடும், அதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

உடுமலை – கொழுமம் – குமரலிங்கம் – மடத்துக்குளம் – கடத்தூர், திரும்ப மடத்துக்குளம் ரயில் நிலையம், சுமார் 50 கி.மீ. எங்களைக் கேட்டால் நான்கிலும் இதுதான் அழகு. அமராவதி ஆற்றங்கரை, நெல்வயல், தென்னை. கல்வெட்டுகளில் இந்தப் பகுதிக்குக் கரைவழி நாடு என்று பெயர். ஆற்றோடு போகும்போது அந்தப் பெயருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. கடத்தூரில் கொங்குச் சோழர் காலக் கல்வெட்டுகள் நிறைய.

ரயிலில் சைக்கிளை ஏற்றலாமா?

லக்கேஜாகப் பதிவு செய்து, சரக்குப் பெட்டியில் ஏற்றலாம். பயணச்சீட்டோடு பார்சல் அலுவலகத்துக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்னால் போக வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் போன்ற பெரிய நிலையங்களில் இது நடக்கும். விஜயமங்கலம், கொடுமுடி போன்ற இடங்களில் வண்டி நிற்பதே ஓரிரு நிமிடம். பார்சல் ஏற்ற ஆள் இருக்காது. ஆகவே சிறிய நிலையத்தில் முடியும் பயணத்துக்கு மடக்குச் சைக்கிளை உறையில் போட்டு எடுத்துப் போவதோ, பெரிய நிலையம் வரை மிதிப்பதோ இரண்டில் ஒன்று. பதிவு செய்யும்போது பெயர், புறப்படும் நிலையம், இறங்கும் நிலையம் மூன்றையும் அட்டையில் எழுதி ஹேண்டில்பாரிலும் சீட்டுக்குக் கீழும் கட்டுங்கள். லைட், பம்பு, தண்ணீர் பாட்டிலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை கோயில்?

மூன்று. கோயில்கள் பொதுவாக 12 அல்லது 12.30-க்கு நடை சாத்தி 4 மணிக்குத்தான் திறக்கும். ஐந்தரைக்குக் கிளம்பி, மணிக்கு 15 கி.மீ. வீதம் போய், கோயிலுக்கு 45 நிமிடம் ஒதுக்கினால் மூன்றுக்கு மேல் வராது. நான்காவதைத் திட்டத்தில் சேர்த்தால் மூன்றையும் அரைகுறையாகப் பார்ப்பீர்கள்.

கோயில் பூட்டியிருக்கிறதே?

ஒருகாலப் பூசை நடக்கும் கிராமக் கோயில்களில் குருக்கள் காலை 7 மணிக்கு வந்து ஒரு மணி நேரத்தில் போய்விடுவார். பெரும்பாலும் அவர் இரண்டு மூன்று ஊர்க் கோயிலைச் சேர்த்துப் பார்ப்பவர். சாவி அவரிடமோ பக்கத்து வீட்டிலோ இருக்கும். அருகில் உள்ள பேக்கரியில் கேட்டால் தெரிந்துவிடும். செவ்வாய், வெள்ளி, அமாவாசை, பிரதோஷ நாட்களில் திறந்திருக்க வாய்ப்பு அதிகம். பிரதோஷம் மாலையில்தான் என்பதை மறக்க வேண்டாம். திறக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டியதில்லை. கல்வெட்டுகளில் பெரும்பகுதி கருவறைக்கு வெளிப்பக்கம் இருக்கும், சுற்றுமதில் திறந்திருந்தால் அதுவே போதும்.

சைக்கிள் உடையோடு உள்ளே விடுவார்களா?

இறுகப் பிடித்த அரைக்கால் சட்டையோடு போகாதீர்கள். ஒரு வேட்டி 300 கிராம்கூட இருக்காது. ஷார்ட்ஸுக்கு மேல் சுற்றிக்கொண்டால் ஆயிற்று. பெண்கள் தளர்வான பேன்ட்டும் துப்பட்டாவும் வைத்துக்கொள்வது வசதி. ஹெல்மெட், கிளிட் (பெடலில் மாட்டும் கொக்கி) வைத்த ஷூ எல்லாம் வெளியிலேயே. கிளிட் உள்ளவர்கள் கூடுதலாக ரப்பர் செருப்பு கொண்டு வாருங்கள், ஊருக்குள் நடக்க வேண்டியிருக்கும்.

வெறுங்காலோடு கல்தளத்தில் நடப்பதை யாரும் முன்கூட்டி நினைப்பதில்லை. சித்திரையில் 10.30 மணிக்கே பிரகாரம் கொதிக்கும். மேற்குச் சுவரை நிழல் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

சைக்கிளைப் பூக்கடை அல்லது தேங்காய்க் கடையில் சொல்லிவிட்டு, ஒரு மாலையோ கற்பூரமோ வாங்கிக்கொண்டு பூட்டி நிறுத்தலாம்.

கல்வெட்டை எங்கே தேடுவது?

கோபுரத்தில் தேட வேண்டாம். கொங்கில் பல கோபுரங்கள் பிற்காலத்தவை. கருவறையைச் சுற்றி, தரைக்கு மேல் இடுப்பளவு வரை உள்ள அதிட்டானத்தைப் பாருங்கள்: பட்டிகை, உருண்ட குமுதம், அடியில் ஜகதி. அடுத்தது நிலைக்கால்கள், அர்த்தமண்டபத் தூண்கள். திருப்பணியில் தரை உயர்ந்த கோயில்களில் கீழ்வரிகள் சிமென்டுக்குள் போயிருக்கும். கல்லை வரிசை மாற்றி அடுக்கிய இடங்களில் வரி பாதியில் நின்று, மீதி வேறு சுவரில் தலைகீழாகக் கிடக்கும். முன்பு மணல் பாய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்த கோயில்களில் எழுத்தின் விளிம்பே தேய்ந்துபோயிருக்கிறது. ஆயிரம் ஆண்டு மழை செய்யாததை ஒரு கும்பாபிஷேகம் செய்துவிட்டது.

கோயிலுக்கு முன்னால் நிற்கும் உயரமான விளக்குத்தூணையும் விடாதீர்கள். கொங்குக்கே உரிய அமைப்பு அது. அடிப்பீடத்தில் சிற்பமும், சில இடங்களில் நிறுத்தியவர் பெயரும் இருக்கும்.

எழுத்து தமிழ்தானா? ஒன்றும் படிக்க வரவில்லையே.

11-ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தியவை பெரும்பாலும் தமிழ் எழுத்து. வடமொழிச் சொற்களுக்கு மட்டும் கிரந்த எழுத்து. அதற்கு முந்தைய சிலவற்றில் வட்டெழுத்து என்ற பழைய எழுத்து. கோவை சுண்டக்காமுத்தூர் அருகே உள்ள இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டில் இரண்டும் இருக்கின்றன.

தடுக்குவது நான்கு விஷயம். புள்ளி இருக்காது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒன்றுபோல இருக்கும். ரகரமும் துணைக்காலும் ஒரே கோடு. எண்கள் தமிழ் எண்கள்: ௧ ககரம் போலவும் ௨ உகரம் போலவும் ௭ எகரம் போலவும் இருப்பதால் எண்ணை எழுத்தாகப் படித்துத் தடுமாறுவோம். ௰ என்றால் பத்து, ௱ என்றால் நூறு, ௰௫ பதினைந்து.

வாசகத்தின் போக்கு தெரிந்தால் பாதி வேலை முடியும். முதலில் "ஸ்வஸ்திஸ்ரீ". அடுத்து அரசன் பெயர், "யாண்டு" (அவன் ஆட்சியாண்டு), எண். பிறகு நாட்டின் பெயரும் ஊரின் பெயரும். அதன்பின் கொடுத்தவர், கொடுத்த பொருள். கடைசியில் சந்திரனும் சூரியனும் உள்ளவரை நடக்க வேண்டும் என்ற வாக்கும், சிவனடியார்கள் இதைக் காக்க வேண்டும் என்ற "பன்மாகேசுவர ரட்சை"யும். ஊர்ப் பெயரை முதலில் தேடுங்கள். அவிநாசிப் பக்கம் வடபரிசார நாடு, விஜயமங்கலம் பக்கம் குறுப்பு நாடு, தாராபுரம் பக்கம் தென்கரை நாடு என்று தெரிந்து போனால் அந்தச் சொல்லைக் கண் தானாகப் பிடிக்கும். கொடைகளில் அதிகம் வருவது நந்தா விளக்கும் (அணையா விளக்கு) சந்தி விளக்கும் (சந்தி வேளையில் ஏற்றுவது). பணம் "பழஞ்சலாகை அச்சு" என்று வரும்.

போகுமுன் தமிழ்நாடு தொல்லியல் துறையின் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதியில் அந்தக் கோயிலின் பக்கத்தைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் பல இலவசம். அச்சிட்ட வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கல்லில் தேடுவதுதான் எழுத்துப் பழகச் சிறந்த வழி.

யாண்டு 15 என்று இருக்கிறது. அது எந்த ஆண்டு?

அரசன் பட்டமேறிய ஆண்டோடு யாண்டைக் கூட்டி ஒன்றைக் கழியுங்கள். கொங்குச் சோழன் வீரராசேந்திரன் 1207-ல் பட்டமேறியவன். யாண்டு 15 என்றால் 1221-22. "15-ஆவதின் எதிர் 2-ஆவது" என்று இருந்தால் இரண்டையும் கூட்டி 17 என்று கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கொங்குச் சோழர்கள் தஞ்சைச் சோழர்களின் பெயர்களையே வைத்துக்கொண்டார்கள்: வீரராசேந்திரன், குலோத்துங்கன், விக்கிரமன். கல்லில் வீரராசேந்திரன் என்று கண்டவுடன் 1063 முதல் 1070 வரை ஆண்ட பேரரசச் சோழனை நினைத்தால் கணக்கு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு பிசகும். அவன் ஆண்டதே ஏழெட்டு ஆண்டு. ஆகவே யாண்டு 10-க்கு மேல் போனால் அது கொங்குச் சோழன்தான். கோயில் வாசல் பலகைகளில் கோயிலை வயதேற்றிச் சொல்வதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம்.

எழுத்து தெளிவாகத் தெரிய மாவு பூசலாமா?

வேண்டாம். மாவு, விபூதி, சாக்கட்டி, எண்ணெய் எதுவும் வேண்டாம். எண்ணெயில் தூசி படிந்து எழுத்து நிரந்தரமாக அடைபடும். செல்போன் டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். ஒருவர் விளக்குப் பிடிக்க இன்னொருவர் படமெடுப்பது சுலபம். கிழக்குச் சுவருக்குக் காலை ஏழு மணி வெயிலே அந்த வேலையைச் செய்துவிடும்.

படங்கள் ஒன்றன்மேல் ஒன்று மூன்றில் ஒரு பங்கு படியும்படி இடமிருந்து வலமாக எடுங்கள். ஒரு 15 செ.மீ. அடிக்கோலைச் சுவரில் தொடாமல் அருகில் பிடித்து ஒரு படம். எந்தச் சுவர், எந்தப் பட்டி என்று அப்போதே எழுதிவைக்காவிட்டால் வீட்டுக்கு வந்து எல்லாக் கல்லும் ஒன்றுபோலத் தெரியும். கருவறையைப் படம் எடுக்கக் கூடாது. மற்ற இடத்துக்கும் கேட்டுவிட்டு எடுங்கள்.

ஊர்க்காரர்களிடம் என்ன கேட்பது?

"இந்தக் கோயில் எத்தனை வருசப் பழசுங்க?" என்று கேட்டால் "ரெண்டாயிரம் வருசங்க" என்றுதான் பதில் வரும். அதைவிட, கடைசிக் கும்பாபிஷேகம் எப்போது நடந்தது, அப்போது எந்தக் கல்லை எங்கே மாற்றினார்கள், தெப்பக்குளத்துக்குப் பழைய பெயர் என்ன, தேர் எந்த வீதியில் போகாது, ஏன் என்று கேளுங்கள். அவர்கள் கண்ணால் பார்த்ததும் செய்ததும் இதெல்லாம். பதில் நம்பகமாக இருக்கும். பெரியவர்களை ஐயா, அம்மா என்றும், நடுவயதினரை அண்ணா, அக்கா என்றும் கூப்பிட்டு, சொல்லுக்குச் சொல் "ங்க" போட்டால் பேச்சு தானாக வரும்.

உங்களையும் கேட்பார்கள்: எந்த ஊருங்க, யார் ஊட்டுப் பிள்ளைங்க, எந்தக் கூட்டமுங்க (எந்தக் குலப்பிரிவு). கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல விருப்பம் இல்லையென்றால், "கல்வெட்டுப் பார்க்க வந்தோமுங்க" என்று பேச்சைத் திருப்பிவிடலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. குலதெய்வக் கோயில்கள் விஷயம் வேறு. அவை குறிப்பிட்ட கூட்டத்தாரின் கோயில்கள். அனுமதி கேட்காமல் உள்ளே போகவும் படமெடுக்கவும் கூடாது.

வழியில் ஆள் உருவம் செதுக்கிய கல் நிற்கிறது. அது என்ன?

புலியோடு ஒருவன் பொருதினால் புலிக்குத்திக் கல்: பட்டியையோ ஊரையோ காக்கப் புலியோடு மோதி இறந்தவனின் நடுகல். அடுக்கடுக்காகச் செதுக்கியிருந்தால் கீழே சண்டை, நடுவில் தேவமகளிர் அவனை அழைத்துச் செல்வது, மேலே சிவலோகம். பக்கத்தில் பெண் உருவம் இருந்தால் உடன்கட்டை ஏறியவளாக இருக்கலாம். பல ஊரில் கருப்பராயனாகவோ மதுரைவீரனாகவோ பூசை நடக்கும்; செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே போங்கள்.

பழைய தேவாலயங்களும் இந்தப் பக்கம் உண்டா?

உண்டு. அவிநாசியிலிருந்து மேற்கே சுமார் 12 கி.மீ.-ல் கருமத்தம்பட்டி செபமாலை அன்னை ஆலயம். 17-ஆம் நூற்றாண்டில் இயேசு சபையினர் தொடங்கிய பணித்தலம், அக்டோபரில் தேர்த்திருவிழா. கோவை மறைவட்டப் பொறுப்பில் இங்கிருந்து பணியாற்றிய ஆயர் பிரெசியாக் பிற்பாடு பிரான்ஸ் திரும்பி, 1856-ல் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைப்பணிச் சபையை நிறுவினார். 1859-ல் சியரா லியோனில் இறந்தார். நெடுஞ்சாலையில் போகாமல் சோமனூர் வழி ஊர்ச்சாலையைப் பிடியுங்கள். லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓட்டுவதில் ஒரு சுகமும் இல்லை.

சீர்திருத்தச் சபைகளில், இலண்டன் மிஷன் 1830-ல் கோவைக்கு வந்தது. அதன் வழிவந்த சபைகள் 1947-ல் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தன. தேவாலயத்தில் பார்க்க வேண்டியவை: அடிக்கல், மணியில் வார்ப்பிட்ட ஆண்டும் பட்டறைப் பெயரும், கல்லறைத் தோட்டம். கல்லறைக் கற்களில் ஒரே ஆண்டில் பல குழந்தைகளின் பெயர் வந்தால் அது பஞ்சமோ கொள்ளை நோயோ வந்த ஆண்டா என்று தேடிப்பாருங்கள். ஞானஸ்நானப் பதிவேடு பார்க்க வேண்டுமானால் பங்குத்தந்தைக்கோ ஆயருக்கோ முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் போய் நிற்காதீர்கள்.

தண்ணீர், சாப்பாடு?

வெயிலில் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் தண்ணீர். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் ஒரு பாட்டிலில் உப்புச் சர்க்கரைக் கரைசல் கலந்துகொள்ளுங்கள். வெறும் தண்ணீரே குடித்துக்கொண்டிருந்தால் கால் பிடித்துக்கொள்ளும். கொங்கில் கைகாட்டி மரம் உள்ள இடமெல்லாம் ஒரு பேக்கரி உண்டு. விடியுமுன்பே டீயும் தேங்காய் பன்னும் கிடைக்கும். கோடையில் கம்பங்கூழ், இளநீர், நுங்கு. காங்கேயம் – தாராபுரம் நடுவில் மட்டும் கடைகள் தள்ளித் தள்ளித்தான் வரும், பாட்டிலை நிரப்பிக்கொண்டு போங்கள்.

நாய் துரத்தினால்?

இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்து, மெல்லப் பின்வாங்குங்கள். ஓடுகிற சக்கரம்தான் அதைக் கிளப்புகிறது. நின்றால் பெரும்பாலும் குரைத்துவிட்டு நின்றுவிடும். தோட்டத்து நாய்க்கு எல்லை உண்டு, அதைத் தாண்டித் துரத்தாது. கடித்துவிட்டால், சிறு கீறலானாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காதீர்கள்.

கொடுமணலில் மணியும் ஓடும் கிடக்கிறதாமே, எடுத்து வரலாமா?

கூடாது. 1985 முதல் அகழாய்வு நடந்த இடம் அது. கல்மணி செய்த பட்டறை, இரும்பு உருக்கிய உலை, பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் எல்லாம் அங்கே வெளிப்பட்டன. ஒரு மணி எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அதன் காலத்தைச் சொல்லும். பைக்குள் போனபின் அது வெறும் கல்.

காசோ செம்போ தற்செயலாகக் கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னால் வேலை நகரும். கிடந்த இடத்தில் அப்படியே ஒரு படம், செல்போனில் இருப்பிடக் குறிப்பு, பக்கத்துக் காட்டுக்காரரின் சாட்சி, இந்த மூன்றும் கையில் இருக்கட்டும்.